கலியமூர்த்தியின் சைக்கிள் சீட்டு

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் சன்னலோரமாக உட்கார்ந்து சைக்கிள்களை எண்ணிக்கொண்டு போனேன். எண்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒன்றில்கூட சீட்டு சரியான உயரத்தில் இல்லை. எல்லாரும் முழங்காலைத் தவளை மாதிரி இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மிதித்தார்கள். சிலருடைய சீட்டின் மூக்கு வானத்தைப் பார்த்தது, சிலருடையது மண்ணைப் பார்த்தது. வாங்கிய அன்றைக்குக் கடைக்காரன் எப்படி மாட்டிக் கொடுத்தானோ அப்படியே சாகும்வரை ஓட்டுவது என்று ஒரு ஜில்லாவே முடிவு செய்திருந்தது. கூழாங்கல் நிறைந்த செருப்பைக் கழற்றி உதறாமல் நடப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இப்படி நினைக்கக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பிறந்ததும் அங்கேதான். வருகிறவரை வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, கால் நேராக நீளும்படி சீட்டை ஏற்றியோ இறக்கியோ கொடுப்பது என் தொழில். அதனால் யார் எப்படி உட்கார்ந்து மிதிக்கிறார்கள் என்பதுதான் என் கண்ணில் முதலில் படும். அதற்கு அப்புறம்தான் முகம்.

திருச்சியில் ஒரு கல்யாணத்துக்காக வந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் திருவாரூர் போக வேண்டிவந்தது கலியமூர்த்தியால். கலியமூர்த்தி எங்கள் பேட்டையில் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் வெல்டர். ஆறடிக்கு மேல் உயரம், கடை வாசலில் குனிந்துதான் நுழைவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "ஊர்ல வீட்டுக்காரி சைக்கிள்ல வேலைக்குப் போவுது, உக்காந்தா வலிக்குதுன்னு எழுதியிருக்கு. மெத்துமெத்துன்னு ஒரு சீட்டு குடுங்கண்ணே" என்றார்.

அந்த அம்மாவின் சீட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடை நிறையக் கூட்டம். சுவரில் தொங்கியதிலேயே பெரியதாக, பூசணிக்காய் மாதிரி இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நான் ஊர்ப்பக்கம் போகிறேன் என்று தெரிந்ததும் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே மாட்டி விட்டுட்டு வந்துடுங்களேன்" என்றார். இப்படித்தான் அந்தப் பூசணிக்காய் என் மடியில் ஏறியது.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். கண்டக்டர் அவரைத் தேடப் போனார். கேட் திறந்தபோது இருவரும் இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன, டிரைவர் டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்து ஏறுவதற்குள் கேட் மறுபடி மூடிவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்திரிகைக்குப் பத்துப் பேர் கடிதம் எழுதியிருப்பார்கள். எழுதி ஒன்றும் ஆகியிருக்காது, அது வேறு விஷயம்.

பக்கத்தில் இருந்தவர் என் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க இது, தலைகாணியா?"

"சைக்கிள் சீட்டு."

"மொபெட்டுக்கா?"

"சைக்கிளுக்கு."

"வெளிநாட்டு சாமானா? அதான் பாத்தேன்" என்று மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டார். எங்கிருந்தோ வந்தது என்றால் போதும், எதற்கு என்று கேட்பதில்லை. கேட் பக்கத்துப் பெட்டிக்கடையில்கூட வெளிநாட்டுக் குளிர்பானம் அடுக்கியிருந்தார்கள். அதைக் குளிர வைக்கத்தான் ஐஸ்பெட்டி இல்லை.

திருவாரூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அறைக்குள் புதிதாகக் கேபிள் டிவி வந்திருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. மெஸ்ஸில் சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். ரசம் மட்டும் குறை சொல்லும்படி இல்லை, இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் டவுன் பஸ் என்னை ஒரு மதகு அருகே இறக்கிவிட்டுப் போனது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கலியமூர்த்தியின் அண்ணன் சண்டைக்கு வருவார். காவிரியில் தண்ணீர் விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாய்க்கால் நிறையச் செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் ஓடியது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வெயில் தாங்காமல் மதகின் கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க! எந்திரிங்க!"

தூரத்திலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டே சைக்கிளில் வந்தார். வெள்ளைப் புடவை, கேரியரில் பை. பாம்பு ஏதும் இருக்கிறதோ என்று நான் எழுந்து குனிந்து பார்ப்பதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். பிறகு களத்துமேட்டில் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பி வந்தார்.

"அந்தக் கட்டைய விட்டுத் தள்ளி நில்லுங்கண்ணே, நான் எறங்கணும்!"

நான் தள்ளி நின்றேன். வண்டியைக் கட்டையை ஒட்டிக் கொண்டுவந்து, இடது காலைக் கட்டைமேல் ஊன்றி நிறுத்தி, படகிலிருந்து கரையேறுவதுபோல இறங்கினார். ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிள். நான் வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ஐந்தடி இருந்தால் அதிகம். சீட்டு ஆறடி ஆளுக்கு ஏற்றியிருந்தது. மூக்கு வேறு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நேற்றிலிருந்து பார்த்த சீட்டெல்லாம் பள்ளம், இது ஒன்று மட்டும் மலை.

"இது கலியமூர்த்தி வண்டியா?" என்றேன்.

அந்தப் பெண்தான் தவமணி, கலியமூர்த்தியின் மனைவி.

வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பேசினார். திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை, அன்றைக்கு அரைநாள்தான். ஏழு கிலோமீட்டர். காலை பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் கணவர் போன பிறகு சும்மா நின்ற இந்தச் சைக்கிளைத் தானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். போகிற வழியில் நிறுத்துவதற்கு அவருக்கு நாலே இடம். இந்த மதகு, ஒரு மைல்கல், ஒரு குளத்துப் படி, டவுனில் பெட்ரோல் பங்க் திட்டு. நடுவில் ஆடு வந்தாலும் லாரி வந்தாலும் நிற்க முடியாது. குதித்துவிட வேண்டியதுதான்.

"குதிச்சு ரெண்டு தடவ முட்டி பேந்துடுச்சு. அது பரவால்லண்ணே. உக்காந்து மிதிச்சா எரியுது, மரத்துப்போவுது. எங்க டாக்டரம்மா, சைக்கிள விடு, இல்ல வேலைய விடுன்னுட்டாங்க. இந்தச் சீட்டும் சரிப்படலன்னா அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன்னு அவருக்கு எழுதிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. விற்கும்போது ஒரு கேள்வி கேட்காதவன் நான். ஒரு பெண்ணின் வேலை அந்தப் பூசணிக்காயில் மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு முகப்பு மட்டும் டைல்ஸ் போட்டு மின்னியது, பின்பக்கம் செங்கல் பூசாமல் நின்றது. சிங்கப்பூர்ச் சம்பளம் அவ்வளவு தூரம்தான் எட்டியிருந்தது. கெண்டை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள். முள்ளோடு நான் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே கலியமூர்த்தியின் அண்ணன் கோவிந்தராசு வந்து உட்கார்ந்தார். குத்தகை நிலத்தில் நடவை முடித்துவிட்டு வந்திருந்தார். ஒரு காலத்தில் இவர் தகப்பனார் கூலிக்கு நட்ட வயலில் இப்போது இவர் ஆள் வைத்து நடுகிறார். அந்தப் பெருமை குரலில் இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

சாப்பிட்டதும் புதுச் சீட்டை மாட்டினேன். எல்லாரும் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். தவமணி வாசல்படியில் ஏறி, அதிலிருந்து வண்டியில் ஏறி, தெருக்கோடி வரை போய்வந்தார்.

"நல்லாத்தாண்ணே இருக்கு" என்றார்.

விருந்தாளியிடம் சொல்லும் பொய் எனக்குத் தெரியும். என் கடையிலும் சொல்வார்கள். "உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

"மெத்தைதாண்ணே. ஆனா மாடியில போட்ட மெத்தை. பெடலு காலுக்கே சிக்கல."

பழைய சீட்டைவிட இது இரண்டு விரற்கடை தடிமன். வலிக்கு மருந்தென்று நான் கொடுத்தனுப்பியது, இருந்த உயரத்தை இன்னும் கூட்டியிருந்தது. இருபது வருஷத் தொழில்!

"சீட்டை இறக்கணும். அவ்வளவுதான் விஷயம். ஒரு ஸ்பேனர் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. இதை ஏன் யாருமே செய்யலை?" என்று கேட்டேன்.

கோவிந்தராசு என்னைக் கூட்டிப் போய் சீட்டுக் கம்பியைக் காட்டினார். அதில் ரம்பத்தால் கோடு கிழித்திருந்தது.

"இது தம்பி போறப்ப போட்ட அளவு சார். வர்றப்ப இதே எடத்துல இருக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு. தம்பி வந்து ஓட்டற வண்டி. அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும்."

"தம்பி எப்ப வந்தார்?"

"போன தடவ லீவு கெடைக்கல."

"அதுக்கு முந்தி?"

கோவிந்தராசு எண்ணிப் பார்த்து, எண்ணுவதை விட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஏழு கடல் தாண்டி இருப்பவருடைய இடுப்பு இங்கே உட்கார்ந்திருக்கிறது, உள்ளூரில் இருப்பவர் மைல்கல் மைல்கல்லாக இறங்கிக்கொண்டிருக்கிறார். கடைத்தெருவில் சைக்கிள் ரிப்பேர்க் கடை ஒன்று உண்டு என்றார்கள், போனேன். கடைக்காரர் நடுவயதுக்காரர், வேலை தெரிந்தவர், கையிலேயே ஸ்பேனர் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு கோவிந்தராசண்ணன் சொல்லியிருக்காங்க. அந்தம்மா ரெண்டு தடவ கேட்டுச்சு. துருப்பிடிச்சுப் போச்சு, எறங்காதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"துருப்பிடிச்சிருக்கா?"

"இருக்காது, இருந்தாலும் மண்ணெண்ண ஊத்துனா விட்டுரும்."

இந்த அழகில் ஒரு தொழில்! ஆனால் இந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஸ்பேனரை மட்டும் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடு திரும்பினேன்.

தவமணி வாசலில் நின்றார். கோவிந்தராசும் போகாமல் நின்றார். நான் பூசணிக்காயைக் கழற்றிவிட்டுப் பழைய தோல் சீட்டையே மாட்டினேன். கம்பி இறங்கும் இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

"தம்பி திரும்பி வந்து எதுல உக்காரும்?" என்றார் கோவிந்தராசு.

தவமணி என்னைப் பார்த்துச் சொல்வதுபோல அவருக்குப் பதில் சொன்னார். "எறக்குனது ஏறாதாண்ணே?"

"கேட்டியா பேச்சை? தம்பி ஞாயித்துக்கெழம போன் பண்ணும்ல, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு கோவிந்தராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நட்டு முதலில் அசையவில்லை. அரைமணி நேரம் ஊறவிட்டுத் திருகினேன், விட்டது. சீட்டை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இறக்கினேன். ரம்பக் கோடு குழாய்க்குள் இறங்கி மறைந்தது. தவமணி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் அங்கே வழிந்த எண்ணெயைத் துடைத்தார்.

என் கணக்குப்படி குதிகால் பெடலில் படும் அளவுக்கு நான்கு விரற்கடை இறக்கினேன். மூக்கை மட்டமாக்கினேன். முழங்கால் பெடலுக்கு நேராக வரும்படி சீட்டை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினேன். சிங்கப்பூரில் இதற்குப் பெயர் பொருத்திக் கொடுப்பது. பக்கத்துக் கடைக்காரன் இதற்குத் தனியாகக் காசு வாங்குகிறான். நான் பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை தவமணி வேலைக்குப் புறப்படும்போது நானும் கோவிந்தராசின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் கொடுத்தது எனக்கே ஆச்சரியம். தவளை உயரத்தில் இருந்த அந்தச் சீட்டில் என் முழங்கால் மார்பில் இடித்தது. முன்னால் தவமணி போவதைப் பார்த்தேன். இடுப்பு ஆடவில்லை. கால் சீராகச் சுற்றியது. வாய்க்கால் கரைமேல் வெள்ளைப் புடவை சீராகப் போனது. என் கடையில் படம் பிடித்து மாட்டலாம் என்று நினைத்தேன்.

எதிரே நடவுக்குப் போகும் பெண்கள் நாற்றுக்கட்டோடு வந்தார்கள். கரை குறுகல். தவமணி வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். இப்போது கால் எட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எட்டத்தான் எட்டியது, கட்டைவிரல் நுனி மட்டும், அதுவும் மட்டமான தரையில். கரை சரிந்திருந்தது. வண்டியும் தவமணியும் பையும் வாய்க்காலுக்குள் போனார்கள்.

நாற்றுக்காரப் பெண்கள் கட்டுகளைப் போட்டுவிட்டு இறங்கித் தூக்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான். புடவை முழுக்கச் செம்மண்.

"யாரு இந்த ஆளு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சிங்கப்பூர்லேந்து சீட்டு வெக்க வந்திருக்காங்க" என்றார் தவமணி.

"நல்லா வெச்சாரு!"

அவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த கரைக்குக் கேட்டிருக்கும். தவமணியும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டும் பாதையில் ஒரு கூழாங்கல் கிடந்தால் புகார் கொடுப்போம். அந்தத் தரைக்குப் போட்ட கணக்கை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, என் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று நெஞ்சு நிமிர்த்தியிருந்தேன். வழியெல்லாம் நான் எள்ளி நகைத்த தவளைகள் எல்லாரும் காலை ஊன்றி நின்றதை அப்போதுதான் நினைத்தேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நின்றாக வேண்டிய ஊரில் வேறு எப்படி உட்காருவார்கள்?

"ஸ்பேனரக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினார் தவமணி. "ஒங்க கணக்கு வேணாம். எனக்கு ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படணும்."

"அவ்வளவு இறக்கினா முட்டி வலிக்கும்மா."

"வலிச்சா சாயங்காலம் நீவி விட்டுக்கறேன். பயந்துகிட்டே வேலைக்குப் போவ முடியாதுண்ணே."

நனைந்த புடவையோடு கரையில் நின்று நட்டைத் தானே திருகினார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்து பார்ப்பார், இறங்குவார், இன்னும் கொஞ்சம் தட்டுவார். இன்னும் மூன்று விரற்கடை இறங்கியது. மூக்கையும் முன்பின் தள்ளியதையும் மட்டும் அப்படியே விட்டார். "இது நல்லாருக்கு, எரியல" என்றார். என் இருபது வருஷத் தொழிலில் அவருக்கு உதவியது அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு தாமதமாகத்தான் வேலைக்குப் போனார். அடுத்த நாள் நேரத்துக்குப் போனார், அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு சாயங்காலமும் லாட்ஜ் வழியாகப் போகும்போது தெருவில் காலை ஊன்றி நின்று எனக்கு விவரம் சொல்லிவிட்டுப் போவார். வழியில் எங்கெங்கே நின்றார், யார் யாரோடு பேசினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் நாள், டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சைக்கிளையும் விட வேண்டாம், வேலையையும் விட வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னார்.

பூசணிக்காய் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். கோவிந்தராசு அதைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். "சும்மா கெடக்குதேன்னுதான் சார்" என்று சொல்லிக்கொண்டு, ஊரிலேயே அகலமான சீட்டில், முழங்கால் விரிய, வயல் சுற்றப் போனார். அவருக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. உலகத்தில் நியாயம் என்று ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் புறப்படும் நாள். கலியமூர்த்தி பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் டெலிபோன் பூத்துக்குப் பேசுவது வழக்கம். தவமணி என்னையும் வரச் சொன்னார். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர், வெளியே பையோடு நான். அண்ணன் முந்திக்கொண்டு வேறு இடத்திலிருந்து தம்பியிடம் சொல்லிவிட்டார் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"ஆமா, எறக்கிட்டேன்... ஆமா, நாந்தான்... இல்ல, கோபமா சொல்லல. கேட்டீங்கன்னு சொல்றேன்... வலி இல்ல. நல்லாப் போச்சு... ம்... ஏழு வெரக்கட."

அதற்கப்புறம் தவமணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். சிங்கப்பூரில் போன் கார்டு தீர்ந்திருக்க வேண்டும். மெல்ல வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"திட்டினாரா?" என்றேன். திட்டியிருந்தால் திரும்பிப் போய் என்ன பேச வேண்டும் என்று தயாராக வைத்திருந்தேன்.

"இல்லண்ணே. எவ்வளவு எறக்குனேன்னு கேட்டாரு. ஏழு வெரக்கடைன்னேன். அப்புறம், 'ஒன்னவிட நான் அவ்வளவு ஒசரமா?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தவமணி முகத்தைத் திருப்பி, பூத்துக்காரர் தன் கட்டணம் போக நீட்டிய சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"என்னத்தச் சொல்றது? கல்யாணமாகி ஆறு வருசம். ஒண்ணா இருந்தது எட்டு மாசம். பக்கத்துல நின்னு பாத்துக்க எங்கண்ணே நேரம் இருந்துச்சு?"

தஞ்சாவூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.